அடங்கலில் ஒரு காடு

வழக்குக் கட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் கோலப்பன் தன்னுடைய எழுத்தைக் கண்டார். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போன தாள். இருந்தாலும் சொந்த எழுத்து தெரியாமல் போகுமா? புள்ளியைக் குத்தாமல் குட்டி வட்டமாகச் சுழித்து வைப்பது முப்பத்திரண்டு வருடச் சர்வீசில் அவரை விட்டுப் போகாத பழக்கம். சர்வே எண் 412, பயிர் ரப்பர். அதற்குக் கீழே 413, 414 என்று வரிசையாக இறங்கி 419 வரைக்கும், மேலே சொன்னதேதான் என்பதற்கு அடையாளமாக இரண்டிரண்டு சின்னக் கோடுகள். அடியில் ‘கிராம நிர்வாக அலுவலர், நெடுங்கோணம்’ என்ற முத்திரை. தேதி, 2001 ஜூன்.

“எவ்வளவு நீட்டா இருக்கு பாத்தீங்களா?” என்றார் தாசில்தார். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். “பதினோரு வருஷ அடங்கல். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இதை வச்சு ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகணும், அங்கேருந்து கோர்ட்டுக்கு.”

கோலப்பன் தலையை ஆட்டினார். 419-க்கு நேரே இருந்த இரண்டு கோட்டைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டார்.

எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு நம்பராக நடந்துபோய், கண்ணால் பார்த்து, அந்த இடத்திலேயே நின்று எழுத வேண்டிய பதிவேட்டுக்குத்தான் அடங்கல் என்று பெயர். விதி அப்படி. விதிப்படி நடந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மாவட்டத்தில் பாதிப்பேருக்கு இருமல் வந்துவிடும். வயல்காட்டில் வரப்போரமாக நின்று எழுதிவிடலாம். நெடுங்கோணம் அப்படிப்பட்ட ஊரா? குலசேகரத்திலிருந்து பஸ்சில் முக்கால் மணிநேரம், அங்கிருந்து எஸ்டேட் ரோட்டில் நடை, அதற்குமேல் செங்குத்தாக ஊற்றுமலை. கோலப்பனோ சுசீந்திரம் பக்கத்து வயல்காட்டு மனிதர். 2001-இல் நெடுங்கோணத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், நாளைக்கு ஜமாபந்தி என்கிற வருடக் கணக்குத் தணிக்கை, எல்லாப் பதிவேடும் தயாராக இருக்க வேண்டும் என்ற நிலையில், கொட்டுகிற மழையில், வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். 412 முதல் 418 வரைக்கும் எஸ்டேட். மகாராஜா காலத்தில் குத்தகைக்குக் கொடுத்த சர்க்கார் நிலம், முழுக்க ரப்பர். 419 அதற்கு மேலே. மேலே என்ன நிற்கும்? அதுவும் ரப்பராகத்தான் இருக்கும் என்று இரண்டு கோட்டை இழுத்தார். அவ்வளவுதான். ஒரு வினாடி வேலை.

மூன்று வருடத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் பழைய அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை எழுதினார். அதற்கடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே. போன வருடம் கோலப்பனே திரும்ப நெடுங்கோணத்துக்கு வந்தார். அவரும் முந்தினவர் எழுதியதைப் பார்த்து எழுதினார். தான் இழுத்த கோட்டைத் தானே பார்த்து நகல் எடுத்த மகாபுத்திசாலி உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று தாசில்தாரைப் பார்த்துவிட்டு அன்று பஸ்சில் வரும்போது அவருக்குத் தோன்றியது.

419-இல், அந்த ஊற்றுமலையில், இருந்தது காடு. இருநூறு ஏக்கருக்குமேல், யாருக்கும் குத்தகைக்குப் போகாத சர்க்கார் நிலம், யாரும் கோடாலி வைக்காத பழங்காடு. அதைக் காப்புக்காடாக அறிவிக்க வேண்டும் என்று வனத்துறை கேட்டதும் எஸ்டேட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ரப்பர் விலை உச்சிக்குப் போய் நின்ற சமயம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சர்க்கார் நிலத்தில் காடு நின்றால், டெல்லியில் அனுமதி வாங்காமல் அதை அழித்து வேறொன்றை நட முடியாது. எஸ்டேட் வக்கீல் சட்டத்தோடு சண்டைக்கே போகவில்லை. சட்டம் ரொம்ப நல்ல சட்டம், ஆனால் அங்கே காடு எங்கே இருக்கிறது, சர்க்காரின் அடங்கலையே பாருங்கள், பதினோரு வருடமாக எங்கள் ரப்பர் அல்லவா நிற்கிறது என்று நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்து நீட்டினார். கோர்ட் கலெக்டரைக் கேட்டது. கலெக்டர் தாசில்தாரைக் கேட்டார். தாசில்தார் கோலப்பனைக் கேட்டாகிவிட்டது. அவருக்குக் கீழே கேட்க ஆளில்லை, தலையாரி பூங்கனியைத் தவிர.

கோலப்பன் கை நீட்டாதவர் என்று பெயரெடுத்தவர். பட்டா மாற்றத்துக்கு வந்தவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன பலாச்சக்கையைக்கூட ஆள் விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. லட்சம் லட்சமாக வாங்கிக்கொண்டு ஒருவன் செய்யக்கூடிய வேலையைச் சல்லிக்காசு வாங்காமல் தான் செய்து கொடுத்திருப்பது இப்போதுதான் உறைத்தது. எஸ்டேட்காரனுக்கு இவர் முகம்கூடத் தெரியாது.

இரவு சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி சண்முகவடிவு விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

“ரிட்டயர்டு ஆகதுக்கு எட்டு மாசம் இருக்கு. ஓர்ம இருக்கா?”

“இருக்கு.”

“பின்ன என்ன? அடங்கல்ல இருக்கத அப்படியே எழுதிக் குடுத்துட்டு வாங்கோ. நீங்க ஒண்ணும் புதுசா பொய் சொல்லல்லியே. ஊரு பூரா காட்ட வெட்டுகானுவ. நீங்க ஒருத்தரு எழுதாட்டா அது நின்னுருமாக்கும்?”

“நான் ஒருத்தன் எழுதினதுலதானட்டி விழப்போவுது.”

அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் ஊற்றுமலைக்கு ஏற அவர் பழைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பொட்டலம் உப்பும் மூத்த மகனுடைய பழைய கால்பந்துக் காலுறையும் தின்பண்டப் பையோடு நாற்காலியில் இருந்தன. அட்டைப்பூச்சிக்கு உப்பு நல்லது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பூங்கனி எஸ்டேட் ரோடு திரும்புகிற இடத்தில் காத்துக்கொண்டு நின்றாள். தலையாரியாக இருந்த புருஷன் செத்து, அந்த வேலை அவளுக்கு வந்து ஒன்பது வருடம். சர்க்கார் பதிவில் கிராம உதவியாளர். வீடு மலையடிவாரத்தில். சின்ன வயதில் குடம்புளி பொறுக்க ஊற்றுமலைக்கு ஏறி இறங்கியவள்.

“சாரே, உள்ளதச் சொல்லுகேன், கோவப்படப்பிடாது” என்றாள் ஏறத் தொடங்கும்போதே. “எனக்க வயசுக்கு இதுவரைக்கும் ஒரு வி.ஏ.ஓ. சாரும் இஞ்ச ஏறிப் பாத்ததில்ல.”

“உனக்குத் தெரியும்லா, மேல காடுதான் நிக்குண்ணு?”

“எனக்குத் தெரியாம?”

“பின்ன என்ன எழவுக்கு எனக்கிட்ட சொல்லல்ல?”

“நீங்க என்னத்த எழுதுகியண்ணு எனக்கெங்க தெரியும் சாரே? புஸ்தகம் உங்க கையில இல்லியா? நான் அதச் சொமந்துட்டு வருவேன், அவ்வளவுதான்.”

ரப்பர் வரிசை வரிசையாக நின்றது. ஒரே உயரம், ஒரே சாய்வு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை. கீழே புல் கிடையாது, பறவைச் சத்தம் கிடையாது. ஒன்றரை மணிநேரம் அதற்குள்ளேயே ஏறினார்கள். பிறகு ரப்பர் ஓரிடத்தில் நின்றது. அதற்கு அப்பால் கோலப்பனுக்குக் கொஞ்சநேரம் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. கண் பழகியபின் முதலில் தெரிந்தது வேர்தான், அவர் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நின்ற வேர். அதிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனார். கழுத்து வலித்தது, மரம் முடியவில்லை. அது வெடிப்பலா என்றாள் பூங்கனி. பக்கத்தில் நிற்பது நாங்கு, அதோ தம்பகம், சரிவில் நிற்கிறது அயினி. சர்வேக்குக் கொண்டுபோன டேப்பை அவர் ஒரு நுனியைப் பிடிக்க அவள் மறுநுனியோடு நாங்கைச் சுற்றி வந்தாள். நாலு மீட்டர் எழுபது. எழுதிக்கொண்டார். மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் செடி, செடியின் மேல் ஒரு சின்னத் தவளை. கிளைக்குள்ளிருந்து சிங்கவால் குரங்கு ஒன்று அவர்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக மதிக்காமல் காயைக் கடித்தது. பாறையிடுக்கில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் கசிந்தது. மழை பெய்து நாலு நாளாகியிருந்தது. காலுறையைத் தாண்டி ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்துக்கொண்டே கோலப்பன் நடந்தார். ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. இருநூறு முந்நூறு வருடமாக இங்கேயே நிற்கிற இத்தனையையும், ஒரு மழைநாளில் சேலை முந்தியால் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் துடைத்துப் போட்டிருக்கிறார். நிற்பது நிற்கிறது என்று சொல்லக்கூட இதற்கு ஒரு வாய் கிடையாது. இதற்கு வாய் என்று சர்க்கார் வைத்தது தன்னைத்தான் என்பதை நினைத்தபோது அவருக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. அறைவதற்கு அங்கே அவரைத்தவிர யாரும் இல்லை.

மேற்குச் சரிவில் வெளிச்சம் தெரிந்தது. அங்கே போனபோது பூங்கனி சத்தம் காட்டாமல் கையை நீட்டினாள். அரை ஏக்கருக்குமேல் மொட்டையாகக் கிடந்தது. அடிமரங்கள் மட்டும், பால் வடிந்து காயாத வெட்டு. ஒன்றின்மேல் அவரும் சண்முகவடிவும் பாய் விரித்துப் படுக்கலாம். மரத்தை அறுத்து இறக்கிய தடம் எஸ்டேட் ரோட்டைப் பார்த்துப் போயிற்று. நடுவே முழம் ஆழத்துக்கு வரிசையாகக் குழிகள். அளவெடுத்து, கயிறு கட்டி, ஒரே இடைவெளியில் தோண்டிய குழிகள்.

“இது ரப்பருக்குத் தோண்டினதுல்லா?” என்றார்.

“ஆமா சாரே. கன்னு இன்னும் வரல்ல.”

“கேசு நடந்துட்டு இருக்கு. கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. அதுக்குள்ள என்ன தைரியத்துல வெட்டுகானுவ?”

பூங்கனி அவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“கோர்ட்டுலேருந்து ஆள் வந்து பாத்தா ரப்பர் நிக்கண்டாமா? நீங்க எழுதினத உண்மையாக்குகானுவ சாரே, வேற என்ன?”

கோலப்பன் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தாளை எடுத்தார். மரம் மரமாக, சுற்றளவோடு, நின்ற இடத்தோடு எழுத ஆரம்பித்தார். பூங்கனி பேர் சொன்னாள். பிற்பகல் வரைக்கும் எழுதியும் இருபதில் ஒரு பங்கு முடியவில்லை. வெட்டிய இடத்தையும் அளந்து எழுதினார். கடைசியில், கூட வந்ததாக அவள் பெயரைப் போடலாமா, வேலைக்கு ஏதாவது இடைஞ்சல் வரலாம் என்று கேட்டார்.

“போடுங்க” என்றாள். “ஒரு கடலாசுலயாவது எனக்க பேரு வரட்டும்.”

வியாழக்கிழமை தாசில்தார் அந்த ஒன்பது பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன கோலப்பன் இது? உங்ககிட்ட அடங்கல்ல என்ன இருக்குன்னுதானே கேட்டேன்?”

“அடங்கல் தப்பு சார். அதத்தான் எழுதியிருக்கேன். முதல் தப்பு நான் செஞ்சது. அதையும் எழுதியிருக்கேன்.”

“அதான் கேக்கறேன். யாராவது தன் தலையில தானே கல்லைப் போட்டுக்குவாங்களா? பொய்ப் பதிவு பண்ணேன்னு எழுதிக் குடுத்தா பதினேழு பி மெமோ வரும். சஸ்பென்ஷன். ரிட்டயர்மென்ட் நிக்கும். பென்ஷன் நிக்கும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலியே. ரெக்கார்டுல உள்ளதைச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.”

கோலப்பனுக்கு அதுவரைக்கும் அடங்கியிருந்தது அப்போது பொங்கிவிட்டது. “சார், நான் அங்க போனேன். காடு நிக்கு. உங்களுக்கு ஜீப்பு இருக்கு. ஒருநாள் வந்து பாருங்க. ரெக்கார்டு ரெக்கார்டுங்கீங்களே, அந்த ரெக்கார்டு நாந்தான் சார். மழைக்குப் பயந்துட்டு வீட்டுல இருந்து எழுதினேன். அதுக்குப் பேரா ரெக்கார்டு?” வெளியே டைப்ரைட்டர் சத்தம் நின்றது. முப்பத்திரண்டு வருடத்தில் மேலதிகாரியிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை. தாசில்தார் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, அதைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

தாசில்தார் அதை அனுப்பாமல் இருக்கவில்லை. அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும் வைத்து அனுப்பினார். பத்து நாள் கழித்துத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவோடு அதன் நகலும் கோலப்பன் கைக்கு வந்தது. மேற்படி கிராம நிர்வாக அலுவலர் பொய்ப்பதிவு செய்தவர் என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், அன்னாருடைய அறிக்கையை நம்பகமானதாகக் கொள்ள இயலாது என்றும், தொடர்ந்து நான்கு அலுவலர்களால் பதியப்பட்ட அடங்கலையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

கோலப்பன் அதை மூன்று தடவை படித்தார். பொய் எழுதியபோது பதினோரு வருடம் ஒரு ஆளும் கேள்வி கேட்கவில்லை. சீல் குத்தினார்கள், ஜமாபந்தியில் டிக் அடித்தார்கள், கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். மெய் எழுதியதும் நீ பொய்யன், உன்னை நம்ப முடியாது என்கிறார்கள். பொய்யன் எழுதிய பொய்யை மட்டும் நம்பலாமாம்! தாளை மடித்துப் போட்டுவிட்டு முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். சண்முகவடிவு அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இது என்ன நியாயம்?” என்றாள். எட்டு மாதத்தைப் பற்றி அவள் அதற்குப்பிறகு பேசவில்லை. “கோர்ட்டுக்கு நேரா அனுப்பப்பிடாதா நீங்க?”

அனுப்பினார். ரிஜிஸ்டர் தபாலில் ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று வனத்துறைக்கு, ஒன்று கலெக்டருக்கு. மூன்று ஒப்புகை அட்டைகளும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. மூன்று வாரமாக வேறு ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலம் பூங்கனி போனில் கூப்பிட்டாள். “சாரே, கன்னு ஏத்தின லாறி குலசேகரத்துல நிக்கு. டிறைவர் சாயா குடிச்சிட்டு மத்த ரெண்டு லாறிக்கும் காத்துட்டு இருக்கான். மூணு லாறி மேல வருதாம். குழியெல்லாம் ரெடி. இண்ணைக்கே நட்டிருவானுவ.”

கோலப்பன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்சி பிடித்துத்தான் போனார். எஸ்டேட் ரோடு திரும்புகிற இடத்தில் பூங்கனி நின்றிருந்தாள். நல்ல மழை. அவர் ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டார். “நீ ஓரமா நில்லு. உனக்கு வேலையிருக்கு” என்றார். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டடி பின்னால் நின்றாள்.

முதல் லாரி வளைவில் திரும்பி வந்து, ஹாரன் அடித்து, இன்னும் கொஞ்சம் நெருங்கி, அவருடைய குடை பம்பரில் இடிக்கிற மாதிரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். முப்பது வயது இருக்கும், தூக்கம் தெளியாத முகம்.

“எண்ணா, வழியில என்ன நிப்பு? மாறுங்க.”

“கன்னு எங்க கொண்டு போற?”

“மேல. நானூத்திப் பத்தொம்பதுக்கு. ஏன்?”

“அங்க நடப்பிடாது.”

“அதச் சொல்ல நீங்க யாரு ஓய்?”

கோலப்பன் வாயைத் திறந்தார். கிராம நிர்வாக அலுவலர் என்று சொல்ல முடியாது, ஆபீஸ் சாவியைக்கூட வாங்கிக்கொண்டுவிட்டார்கள். வனத்துறை ஆளில்லை. கோர்ட் உத்தரவு கையில் இல்லை. நெடுங்கோணத்துக்காரர்கூட இல்லை. மழை காற்றோடு அடித்துக் குடை பின்பக்கம் மடங்கியது. அதை நிமிர்த்த முயலாமல் கீழே விட்டார்.

“அந்த நம்பர்ல முதல்ல ரப்பர் வச்சவன் நான்தான் மக்கா” என்றார். “ஒத்தைக்கு நின்னு வச்சேன். ஒரே நாள்ல இருநூறு ஏக்கர்.”

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. கிறுக்குப் பிடித்த கிழவனோ என்று பின்னால் நின்றவளைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பில்லை. பின்னால் வந்த இரண்டு லாரியும் ஹாரன் அடித்தன. அவன் கண்ணாடியில் அவற்றைப் பார்த்தான், ரோட்டில் நனைந்துகொண்டு நிற்பவரைப் பார்த்தான், பிறகு எஞ்சினை அணைத்தான். லாரியின் மேலே, கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான கன்றுகள், ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று இலையோடு, மழையில் ஆடிக்கொண்டிருந்தன.